சூடையின் கொப்பி: ஒன்றரை வருசம் எழுதிப் பார்த்தது

முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "2024 ஜனவரி 9. மழை. குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி. மூன்று நிறம். பிறந்த திகதி தெரியாது."

எங்கள் வீடு மட்டக்களப்பு, கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் மார்கழி, தை மழைக்கு ஒதுங்க இடம் தேடி எதுவும் வீட்டுக்குள் வரும். தவளை வரும், பூரான் வரும். அந்த வருசம் பூனை வந்தது. வந்த இரண்டாம் நாளே அம்மா கழுவி வைத்திருந்த சூடை மீனில் ஆறேழைத் தின்றுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டதால் பெயர் தேடும் வேலை இருக்கவில்லை. சூடை.

நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்ததைப் பார்த்த அம்மா, "என்ன மனே, பூனைக்கும் சாதகம் எழுதப் போறியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் எண்ணம். இதற்கு முன் வீட்டில் இருந்த நாய் பதினோரு வருசம் எங்களோடு இருந்துவிட்டுப் போனது, அதைப் பற்றி இப்போது கேட்டால் நாங்கள் மூன்று பேரும் மூன்று கதை சொல்வோம், எந்த வருசம் வந்தது என்பதில்கூட ஒத்துப்போக மாட்டோம். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று நினைத்தேன்.

தொடங்கினது பிழையாகத்தான். வங்கி ஒன்று கொடுத்த டயரி, நாளுக்கு ஒரு பக்கம், முழுப் பக்கத்தையும் நிரப்பாவிட்டால் என்னவோ போல இருக்கும். பத்தொன்பது நாள் நிரப்பினேன். "இன்று சூடை மிகவும் அழகாக இருந்தது." "சூடைக்கு என்மேல் எவ்வளவு பாசம்!" ஒரு மாதம் கழித்து எடுத்து வாசித்தால் பத்தொன்பது பக்கமும் ஒரே பக்கம், எந்த நாளை எடுத்து எந்த நாளில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒரேயொரு இடத்தில் மட்டும் சிரிப்பு வந்தது: "பின்னேரம் மீன்காரரின் ஹோர்ன் கேட்டு மதிலில் பாய்ந்தது, வழுக்கித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது, வெளியே வந்து யாரும் பார்க்கவில்லை என்ற மாதிரி முன்காலை நக்கிக்கொண்டிருந்தது." அந்த வரியில் அழகு, பாசம் எதுவும் இல்லை, ஆனால் பூனை இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு நானே போட்ட சட்டம், கண்ணால் கண்டதையும் எண்ண முடிந்ததையும் மட்டும் எழுதுவது, இரண்டு வரிக்கு மேல் போகாமல்.

இடையில் வட்ஸ்அப்பில் எனக்கே குரல் பதிவு அனுப்பியும் பார்த்தேன். அதைத் திரும்பக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. விட்டுவிட்டேன்.

கடைசியில் நிலைத்தது இதுதான்: குசினிச் சுவரில் ஒரு கலண்டர், அதில் பேனை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நாளுக்குரிய பெட்டிக்குள் சாப்பாடு முழுதா, பாதியா, இல்லையா என்று ஒரு குறி, மாதம் ஒருமுறை எடை. ஏதாவது நடந்தால் மட்டும் சீஆர் கொப்பியில் இரண்டு வரி. மாதக் கடைசியில் ஒரு படம், எப்போதும் தேங்காய் திருவலைக்குப் பக்கத்தில் இருத்தி. திருவலை வளராது, பூனைதான் வளரும், படங்களை வரிசையாகப் பார்த்தால் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். எடை பார்ப்பதுதான் ஆரம்பத்தில் பெரும்பாடு. தராசில் நிற்காது. நான் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியே ஏறி, கழித்துப் பார்த்தால் கணக்கு வரும், ஆனால் ஆளை நிறுக்கும் தராசுக்கு நூறு, இருநூறு கிராம் ஒரு விசயமே இல்லை. மூலைக் கடைக்காரர் ஒருநாள் சீனிப் பை மாதிரி உமலுக்குள் வைத்து நிறுத்துக் கொடுத்தார், ஒரு கிலோ அறுநூற்றைம்பது. "அக்கா, பில் போடவா?" என்றார்.

வந்து ஒரு மாதத்துக்குள் பாயில் அரிசி மாதிரி ஏதோ கிடந்தது. கூட்டித் தள்ளப்போன நேரம் பார்த்தால் பல். பூனைக்குப் பால்பல் இருபத்தாறு, மூன்றரை மாதத்தில் விழத் தொடங்கி ஆறு மாதமளவில் முப்பது பல்லும் முளைத்து முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் இது 2023 ஓகஸ்ட், செப்டெம்பர் பக்கம் பிறந்திருக்க வேண்டும். முதல் பக்கத்தில் "தெரியாது" என்பதை வெட்டவில்லை, பக்கத்தில் சின்னதாகக் கணக்கை எழுதிப் பல்லையும் செலோடேப்பில் ஒட்டிவிட்டேன். இன்னும் இருக்கிறது.

ஏப்ரலில்தான் இந்தக் கிறுக்கலுக்கு ஒரு வேலை வந்தது. சூடை சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தால் வெளியே வராது. உடம்பு சுட்டது. அம்மா பனடோலில் கால் துண்டு கொடுப்போம் என்றார், எங்கள் வீட்டில் எதற்கும் அதுதானே மருந்து. நல்ல வேளை, கொடுக்கவில்லை. பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, ஒரு குளிசையே உயிரை எடுக்கும் என்று பிறகு மிருக வைத்தியர் சொன்னார். பூனை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

கூடைக்குள் வைத்து ஓட்டோவில் கொண்டுபோனோம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் கத்தத் தொடங்கியது, டவுனுக்குள் போய் இறங்கும்வரை நிறுத்தவில்லை. வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து சாப்பிடல்ல?" நான் வழக்கம்போல "இரண்டு மூன்று நாள் இருக்கும்" என்றேன். அப்புறம் ஃபோனில் இருந்த கலண்டர் படத்தைப் பார்த்தால் நாலாம் நாள். அதற்கு முதல் நாள் கொப்பியில் என் கையெழுத்திலேயே: "இரவு பின்வளவில் பூனைச் சண்டை, பெரிய சத்தம். விடிய வந்தது." அதைக் காட்டினதும் அவர் வாலடியில் மயிரை ஒதுக்கி விரலால் அழுத்தினார். உள்ளே சீழ். பூனைப் பல் ஊசி மாதிரி, குத்தின துளை மேலே உடனே மூடிவிடும், கிருமி உள்ளே தங்கி இரண்டு நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் கட்டியாக வருமாம். காய்ச்சல் 40.1 பாகை, சாதாரணமாக 39ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கீறி எடுத்து ஊசி போட்டார். காரணத்தை நானே எழுதி வைத்துவிட்டு நாலு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். எழுதினால் போதாது, எழுதினதைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கியது அதற்குப் பிறகுதான்.

விசர்நோய்த் தடுப்பூசியும் அந்தக் காயம் ஆறின பிறகு போட்டது. அது நாய்க்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்கிற சனம் இன்னும் இருக்கிறது, பூனைக்கும் வரும். அடுத்த வருசத் திகதியைப் புதுக் கலண்டர் வாங்கின அன்றே சிவப்பில் வட்டம் போட்டேன்.

கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டது என் பிழை. மறைக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இருக்க, ஒக்டோபர் கடைசியில் வயிறு தெரிந்தது. எப்போது குட்டி போடும்? கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். "செப்டெம்பர் 14. இரவு முழுக்கக் கடுவன்கள் கூரைத் தகரத்தில். யாருக்கும் தூக்கமில்லை." பூனைக்குச் சினைக்காலம் அறுபத்து மூன்று, அறுபத்தைந்து நாள். விரல் மடித்து எண்ணினால் நவம்பர் 17 அறுபத்து நாலாம் நாள். தேர்தல் முடிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பதரைக்கு அலுமாரியின் கீழ்த்தட்டில் முதல் குட்டி. அம்மாவுக்கு அன்றுதான் கொப்பிமேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாலு குட்டி. அதில் இரண்டுக்கு மூன்று நிறம், அது இரண்டும் பெண் என்று வைத்தியர் ஃபோனில் பார்க்காமலே சொன்னார். செம்மஞ்சளையும் கறுப்பையும் தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் இரண்டு எக்ஸ் உள்ள பெண்ணுக்குத்தான் இரண்டு நிறமும் சேர்ந்து வரும், அப்படி ஒரு கடுவன் பிறப்பது மிக அரிது.

இனி எடைக் கதை. தங்கச்சி கேக்குக்கு மா நிறுக்கிற டிஜிட்டல் தராசு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்தில் குட்டி. (தங்கச்சிக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.) ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு. பிறந்தபோது 104, 101, 98, 82. குட்டி ஒன்று நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராமாவது கூட வேண்டும். மூன்றாம் நாள் பெரிய மூன்றும் 120க்கு மேல், சின்னது 80. நாலாம் நாள் 79. கண்ணுக்கு நாலும் ஒரே மாதிரித்தான் கிடந்தன, நாலும் கத்தின, தராசு இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். வைத்தியரைக் கேட்டேன். "தங்கச்சி, முதல்ல சூடாக்குங்க, பிறகு பால்" என்றார். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காதாம், அதிலும் மாட்டுப்பால் வேண்டவே வேண்டாமாம். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடு வந்ததும் மற்ற மூன்றையும் அரை மணித்தியாலம் வேறு பெட்டியில் போட்டுவிட்டு இதை மட்டும் தாயிடம் விட்டோம். பகலில் நாலு தடவை, இரவில் இரண்டு. ஐந்தாம் நாள் 84. ஆறாம் நாள் 93. அந்த 93ஐச் சுற்றிப் பேனையால் அவ்வளவு அழுத்தி வட்டம் போட்டிருக்கிறேன், தாள் கிழிந்திருக்கிறது. பெயர் கடுகு.

அடுத்த கிழமை வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படி இருந்தன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டு ஈரம் ஊறத் தொடங்கியதும் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு ஏற்றினோம். சூடைக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விப் பழைய இடத்துக்கே கொண்டுபோனது, நாங்கள் திருப்பி ஏற்ற, அது திருப்பி இறக்க, மூன்றாம் தடவை அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்து அம்மாவின் பழைய சேலையை விரித்துக் கொடுத்தோம். அங்கே சம்மதித்தது. அன்றைய பதிவில் மெழுகு சொட்டியிருக்கிறது: "நவ. 26. தண்ணீர் இரண்டாம் படி. கரண்ட் இல்லை. கடுகு 124. வலது கண் திறந்தது." அந்த நாட்களில் எனக்கு என்ன பயம் இருந்தது, யாரோடு என்ன கதைத்தேன் என்று ஒரு வரியும் எழுதவில்லை. இருந்தும் இந்த நாலு சின்ன வரியை வாசித்தால் தகரத்தில் மழை விழுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

மூன்றாம் கிழமையில் குட்டிகளுக்குக் குடற்பூச்சி மருந்து தொடங்கினோம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மருந்தின் அளவு எடைக்கு எடை, அதனால் வைத்தியர் கேட்க முதலே நான் இலக்கத்தைச் சொன்னேன். பொங்கல் முடிந்து, குட்டிகளுக்கு எட்டுக் கிழமை தாண்டியதும் கொடுத்தோம். ஒன்று வாழைச்சேனைக்கு, ஒன்று கல்முனைக்கு, கடுகு காத்தான்குடியில் என்னோடு வேலை செய்கிற ஒருவரின் வீட்டுக்கு. நாலாவது எங்கேயும் போகவில்லை, அம்மா விடவில்லை. ஒவ்வொன்றோடும் கொப்பியில் அதன் பக்கத்தைப் படி எடுத்துக் கொடுத்தேன்: பிறந்த நேரம், எடை, மருந்துத் திகதி, என்ன தின்னும், எதற்குப் பயம். கல்முனைக்காரர் முதலில் சிரித்தார், இப்போது மாதம் ஒருமுறை எடை அனுப்புகிறார். சூடைக்குப் பெப்ரவரியில் சத்திரசிகிச்சை முடிந்தது. பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும் என்பதால் அதுவரை கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து வைத்திருந்தோம், அந்தக் கிழமைகளின் பதிவில் பூனையின் வாயில் இருந்து வந்ததை எழுத எனக்கு எழுத்து போதவில்லை.

மே மாதம் வேலை விசயமாக நாலு நாள் கொழும்பு போனேன். கலண்டர் வெறுமையாகக் கிடக்கும் என்று நினைத்து வந்தால் அம்மாவின் எழுத்து. குறி ஒன்றும் இல்லை, பெட்டிக்குள் அடங்காமல் பக்கத்துப் பெட்டிக்கும் போயிருந்தது. "இண்டைக்கு மீன்காரன் வரல்ல. சூடைக்குக் கோவம். எனக்கும்." அடுத்த நாள்: "பக்கத்து வீட்டுக் கறுப்பனோட சண்டை. நம்மட ஆள்தான் தொடங்கினது." மூன்றாம் நாள்: "இரவு என்ட காலடியில படுத்தது. விடியமட்டும் நான் காலை அசைக்கல்ல." என்னுடைய ஒன்றரை வருசத்தில் இப்படி ஒரு வரி இல்லை. சட்டம் போட்டது நான், அதைச் சரியாகப் பிடித்தது அவர். இப்போது கலண்டர் அம்மாவிடம், கொப்பி என்னிடம்.

கடைசியாகப் பார்த்தபோது சூடை 3 கிலோ 200, சத்திரசிகிச்சைக்குப் பிறகு நானூறு கூடியிருக்கிறது, சோற்றைக் குறைக்க வேண்டும். குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அம்மா "இவள்" என்று எழுதுகிறார், நான் "நாலாவது" என்று எழுதுகிறேன். இந்தக் கிழமை இரண்டு நாள் பெட்டியில் ஒன்றும் இல்லை, காரணம் நூலில் தொங்கின பேனையை இவள் இழுத்து அறுத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டாள். குளிர்ப்பெட்டிக்கு அடியில் தும்புத்தடி விட்டுப் பார்த்தேன், பழைய பேனை மூன்று வந்தது, இந்தப் பேனை வரவில்லை.