நாலாவது இலை

என் மகள் டப்ளினில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மார்ச் பிறந்தால் அவள் பள்ளியில் ஐரிஷ் மொழி விழா. பெயர் 'ஷாக்தன் ந கேல்கெ', ஐரிஷ் மொழி வாரம் என்று பொருள். வாரம் என்று பெயர் வைத்துவிட்டு 1ஆம் தேதியில் இருந்து 17ஆம் தேதி வரை நடத்துவார்கள். ஆனியில் தொடங்கி ஆவணி வரை ஓடும் ஆடித் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

17ஆம் தேதி அயர்லாந்தின் காவல் புனிதரான செயின்ட் பேட்ரிக்கின் தினம். நாடு முழுக்க விடுமுறை, ஊர்வலம், பச்சைச் சட்டை. அதற்கு முன்னால் வகுப்பில் எல்லோருக்கும் வாழ்த்து அட்டை கொடுக்க வேண்டும் என்று மகள் முடிவு செய்தாள். கடையில் வாங்கியது கூடாது, கையால் செய்ய வேண்டும். இருபத்தாறு பிள்ளைகள், ஒரு டீச்சர், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர். மொத்தம் இருபத்தெட்டு.

"அப்பா பார்த்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை.

ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். குடைமிளகாயைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பச்சை போஸ்டர் கலரில் தோய்த்து அட்டையில் அழுத்தினால் ஷாம்ராக் இலை அச்சாக விழும். அந்த இலைதான் அயர்லாந்தில் இந்த நாளின் அடையாளம். வரையத் தெரிய வேண்டாம், கையில் கத்தி இருந்தால் போதும். எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

ஞாயிறு மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டிராஃபிக் சிக்னல் மாதிரி மூன்று மிளகாயை ஒரே பையில் போட்டு விற்பார்கள். அதில் பச்சையை வெட்டினேன். கலரை தோசைமாவுப் பதத்தில் கரைத்தேன். டப், டப் என்று பதினான்கு அட்டை முடித்துவிட்டு, அரசாங்க முத்திரை குத்தும் அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மகள் வந்து ஒரு அட்டையை எடுத்தாள். விரல் வைத்து எண்ணினாள்.

"அப்பா, இதுல நாலு இருக்கு."

"நாலு இலைன்னா அதிர்ஷ்டம்டா."

"அது வேற. ஷாம்ராக்குக்கு மூணுதான்."

அப்புறம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த கதையைச் சொன்னாள். பேட்ரிக் இந்த மூன்று இலையைக் காட்டித்தான் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று மக்களுக்கு விளக்கினாராம். "அப்போ நாலாவது யாருப்பா?" என்று கேட்டாள். ஆயிரத்தைந்நூறு வருட இறையியலில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

குடைமிளகாய்க்கு மூன்று அறையும் இருக்கும், நான்கு அறையும் இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையில் நின்று ஒவ்வொரு மிளகாயாகத் தலைகீழாக்கி, எண்ணி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். நாலு. நாலு. நாலு. அயர்லாந்துக்கு வரும் மிளகாய்கள் பேசி வைத்துக்கொண்டு வந்தது போல நாலு.

பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மா வெகுநேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு ரகசியக் குரலில், "ஆண் மிளகாய் தேடறீங்களா?" என்றார். மூன்று புடைப்பு இருந்தால் ஆண், சமைக்க நல்லது. நாலு இருந்தால் பெண், பச்சையாகத் தின்ன இனிப்பாக இருக்கும் என்று விளக்கமும் கொடுத்தார். (அப்படி எதுவும் கிடையாது. இந்தச் செடியின் ஒரே பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் உண்டு. காயில் ஆண் பெண் எங்கிருந்து வரும்?) வாழ்த்து அட்டைக்காகத் தேடுகிறேன் என்று சொன்னால் இன்னும் மோசமாகப் போகும் என்று தோன்றியதால், "ஆமாம், ஆண்தான்" என்று சொல்லிவிட்டேன். அவரும் கூடச் சேர்ந்து தேடி, இரண்டு கண்டுபிடித்துக் கொடுத்தார்.

திரும்பி வருவதற்குள் பழைய பதினான்கு அட்டைகளுக்கும் மகளே வழி கண்டுபிடித்திருந்தாள். பேட்ரிக் அயர்லாந்தில் இருந்து பாம்புகளை விரட்டியதாக இன்னொரு கதை உண்டு. நாலாவது இலைக்குக் கண்ணும் நாக்கும் வரைந்து, அது இலையை விட்டு ஓடும் பாம்பு என்று ஆக்கிவிட்டாள். பனியுகத்துக்குப் பிறகு இந்தத் தீவுக்குப் பாம்பு வந்து சேரவே இல்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எங்கள் வீட்டில் மட்டும் பதினான்கு இருந்தன.

ஓரத்தில் கொடி ஒட்டும் வேலையைச் செய்தது நான். மூன்று நிறம், இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? பள்ளிக்கூடத்தில் 'காவி, வெள்ளை, பச்சை' என்று ஒப்பித்த கை, தன்பாட்டுக்கு ஆரஞ்சை முதலில் ஒட்டியது. அயர்லாந்துக் கொடியில் பச்சைதான் முதலில், கம்பத்தை ஒட்டி வரும். ஆரஞ்சு முதலில் வந்தால் அது ஐவரி கோஸ்ட். மனைவி சொல்லும்போது ஒன்பது அட்டைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

கடைசியாக வாசகம். ஐரிஷ் மொழியில் எழுத வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. 'லா ஏல பாட்ரிக் சொன டிட்ச்', அதாவது உனக்கு இனிய செயின்ட் பேட்ரிக் தின வாழ்த்துகள். ஏல என்று சொல்கிறோமே, அதை எழுதும்போது முன்னால் எஃப், எச் என்று இரண்டு எழுத்து நிற்கும். இரண்டும் ஊமை. கல்யாண வீட்டில் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி, வேலை ஒன்றும் கிடையாது, ஆனால் இல்லாவிட்டால் தப்பாகிவிடும்.

சில உயிரெழுத்துகளின் தலையில் ஒரு சாய்வுக் கோடு வரும். அதற்கு 'ஃபாடா' என்று பெயர், நீளம் என்று அர்த்தம். அதாவது நம்முடைய நெடில். அதை விட்டுவிட்டால் ஷான் என்ற பெயர் 'பழைய' என்று ஆகிவிடும் என மகள் எச்சரித்தாள். துணைக்காலை விட்டால் பால் பல்லாகும் ஊரில் இருந்து வந்தவனுக்கா இது புரியாது? இருபத்தெட்டிலும் கோடு போட்டேன், ஒன்றுகூட விடவில்லை.

பெரியவரின் அட்டையில்தான் கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டேன். 'டிட்ச்' என்றால் 'உனக்கு' என்று தெரிந்தது. எண்பது வயதுக்காரருக்கு எப்படி 'உனக்கு' என்று எழுதுவது? தேடியதில் 'டீவ்' கிடைத்தது. ஆறு எழுத்தில் எழுதி ஒற்றை அசையில் முடிப்பார்கள். 'உங்களுக்கு' என்று போட்டிருந்தது. மனம் நிறைந்து அதையே எழுதி, அவர் வீட்டுக் கதவுத் துளையில் போட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் குடைமிளகாய் சாதம், குடைமிளகாய் பொரியல், குடைமிளகாய் சட்னி.

17ஆம் தேதி காலை பெரியவர் கோட்டில் நிஜ ஷாம்ராக் கொத்தைக் குத்திக்கொண்டு வேலி ஓரம் நின்றார்.

"அட்டை கிடைத்தது. பாம்பு அழகாக இருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பது நான் ஒருவன்தானே, 'உங்கள் எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறாயே?"

ஐரிஷில் பன்மை என்றால் பன்மைதானாம், மரியாதைக்காகப் பன்மை போடும் பழக்கம் அவர்களிடம் இல்லையாம். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவராக இருந்தாலும் பலராகத்தான் பேசுவோம் என்று நான் அசடு வழிய விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காலடியில் படுத்திருந்த நாயைக் காட்டினார்.

"நானும் யோசித்துப் பார்த்தேன், இவளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்."

இப்போதெல்லாம் அந்த நாய் வேலிக்குப் பக்கத்தில் வந்தால், "வாங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன்.