தாராசுரத்து முதலையும் ஐம்பது எம்எம் லென்ஸும்

தாராசுரத்துக்கு முதல் தடவை போனபோது என்னிடம் போன் மட்டும்தான் இருந்தது. ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகளைக் குட்டிக் குட்டிச் சிற்பங்களாகச் செதுக்கியிருப்பார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். நூறு படத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். "எல்லாம் ஒரே மாவு பூசின மாதிரி இருக்கேடி. இதுல யாரு நாயனாரு, யாரு ராஜா?" என்று கேட்டார்.

அம்மா சொன்னது சரி. படங்கள் ஆடவில்லை, இருட்டும் இல்லை. ஆனால் கல்லில் மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. போன் நமக்கு நல்லது செய்வதாக நினைத்து, நிழல் விழுந்த இடத்தையெல்லாம் தானே வெளிச்சமாக்கிவிடுகிறது. முகம் எடுக்க அது நல்லதுதான். புடைப்புச் சிற்பத்துக்கோ நிழல்தான் உயிர். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு நிழல் இருந்தால்தான் அது மூக்கு. அதை அழித்துவிட்டால் வெறும் கல்.

அன்றைக்கு முடிவு செய்தேன், ஒரு கேமரா வாங்குவதென்று.

முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததில் குழப்பம்தான் கூடியது. மெகாபிக்சல், ஃபோக்கஸ் புள்ளிகள், நொடிக்கு எத்தனை படம், ஃபோர்கே வீடியோ என்று ஒவ்வொன்றிலும் ஒன்று உசத்தியாக இருந்தது. அலுவலகத்தில் பறவைகளைப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் பட்டியலை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எதைம்மா எடுக்கப் போற?" என்றார். கோயில் சிற்பம் என்றேன். "கல்லு பறந்து போகாது. அப்புறம் எதுக்கு நொடிக்குப் பத்துப் படம்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் பட்டியலில் பாதி கழன்றுவிட்டது. பறவைக்கும் விளையாட்டுக்கும் வேண்டிய வேகம் எனக்கு வேண்டாம். நீளமான டெலி லென்ஸ் வேண்டாம். வீடியோ வேண்டாம். வேண்டியதெல்லாம் படத்தைப் பதியும் நல்ல சென்சார், குனியாமல் குனிந்து பார்க்க ஒரு திருப்பும் திரை, நல்ல லென்ஸ் ஒன்று.

புதிதாக, கையில் தாராளமாகப் பணத்தோடு வாங்குபவர்கள் இன்றைக்கு உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போவதுதான் சரி. எடை குறைவு, புது லென்ஸ்களும் அதற்குத்தான் வருகின்றன. என் பணத்துக்கு, உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர்தான் நிறையக் கொடுத்தது. நிக்கான் டி5300 என்ற 2013ஆம் வருட மாடல். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், முழுதாக வெளியே இழுத்து எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய திரை. முழங்கால் உயரத்தில் இருக்கும் சிற்பத்தை எடுக்க, தரையில் படுக்காமல் திரையை மேல்நோக்கித் திருப்பி வைத்துப் பார்க்கலாம். மற்ற எல்லாவற்றையும் விட அந்தத் திரைக்காகத்தான் இதை எடுத்தேன்.

பழைய கேமரா வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்கச் சொல்லி அண்ணன் கூடவே வந்தார். முதலில் ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது என்று. எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே அந்த எண் பதிவாகியிருக்கும். இந்த மாடல் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருக்கிறார்கள். நான் வாங்கியது பதினான்காயிரத்தில் இருந்தது. இரண்டாவது, வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையான அபர்ச்சரை எஃப் 16 என்று சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்ப்பது. சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும். மூன்றாவதுதான் நம் ஊரில் முக்கியம். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, பீரோவுக்குள் மூடி வைத்த லென்ஸில் அது சீக்கிரம் பிடித்துவிடும். நான் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துவிடுகிறேன்.

கேமராவோடு 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் வந்தது. ஒரு மாதம் கழித்து, நானே தனியாகப் போய் இன்னொரு கடையில் 50 எம்எம் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். அதன் அபர்ச்சர் எஃப் 1.8 வரை திறக்கும். பழைய லென்ஸ் 55-இல் 5.6 வரைதான் திறக்கும். எண் சின்னதானால் துளை பெரிது. கணக்குப் போட்டால் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இருட்டான மண்டபங்களுக்கு இதுதான் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மாட்டினால், ஆட்டோஃபோக்கஸ் வேலை செய்யவில்லை. நான் வாங்கியது டி வகை லென்ஸ். அதற்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். என் கேமராவிலோ அந்த மோட்டாரே இல்லை. ஜி வகை வாங்கியிருக்க வேண்டும். கடையில் என் கேமரா எது என்று தெரிந்தும் யாரும் இதைச் சொல்லவில்லை, திருப்பி வாங்கவும் மறுத்துவிட்டார்கள். ரொம்ப வருத்தமாக இருந்தது. சரி, கல்தானே, ஓடப்போவதில்லை, கையாலேயே ஃபோக்கஸ் செய்து பழகலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பழகியது மரப்பாச்சி பொம்மையில். கொலுப் பெட்டியிலிருந்து எடுத்துச் சன்னலோரம் வைத்து, காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிக்கு ஒரு படம். எஃப் 1.8-இல் மூக்கு மட்டும் தெளிவு, காது மங்கல். எஃப் 8-இல் எல்லாம் தெளிவு, ஆனால் ஷட்டர் மெதுவாகிக் கை ஆட்டம் தெரிந்தது. 50 எம்எம்முக்கு இந்தச் சென்சாரில் கை ஆட்டம் தெரியாமலிருக்க ஷட்டருக்கு நொடியில் எண்பதில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும், அதற்காகச் சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் மணல் தூவினாற்போல் பொரி விழுகிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தைப் படித்தும் புரியாமல் இருந்தது, அந்தப் பொம்மை முகத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் புரிந்துவிட்டது.

பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த அடுத்த வாரம் நானும் அம்மாவும் எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். விடியும் முன்பே கும்பகோணம். அறை எடுத்துக் குளித்துவிட்டு, பித்தளை டபராவில் ஒரு காபி. தாராசுரம் அங்கிருந்து பக்கம்தான். நாங்கள் போனபோது புல்வெளியில் பனி இன்னும் காயவில்லை.

இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்த்து, இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தஞ்சாவூரில் நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலிக்கும். இங்கே எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில், நகை வேலை மாதிரி. தேர் போலச் சக்கரமும் குதிரையும் வைத்த மண்டபத்தில் முதல் வெயில் சாய்வாக விழுந்தது. சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு நிழலை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றன. பரபரவென்று 50 எம்எம்மை மாட்டி பட்டனை அழுத்தினேன். விழவில்லை. திரையில் எஃப், ஈ, ஈ என்று மூன்று எழுத்து மின்னியது. அணைத்துப் போட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே மூன்று எழுத்து. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரகாரத்தில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார். வேட்டி, மேலே துண்டு.

"ஏம்மா, பட்டன் விழலியா?"

"ஆமாங்க ஐயா. என்னமோ எழுத்து காட்டுது."

"கழட்டாம அப்படியே லென்ஸக் காட்டு." கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இதுல வளையம் இருக்கு பாரு. இருபத்திரண்டுல நிக்கணும், பதினாறுக்கு நகந்துடுச்சு. திருப்பி வச்சுட்டு, பக்கத்துல குட்டியா ஒரு பூட்டு இருக்கும், அதத் தள்ளிவிடு."

தள்ளினேன். விழுந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தாராம். பிலிம் காலத்தில் இந்த வளையத்தைத் திருப்பித்தான் அபர்ச்சர் வைப்பார்கள். இப்போது கேமராவே வைத்துக்கொள்வதால் வளையத்தைக் கடைசி எண்ணில் பூட்டிவிட வேண்டும். தனக்கு டிஜிட்டல் அவ்வளவாகத் தெரியாது, லென்ஸ் தெரியும் என்றார். அம்மாவும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் சுற்றிச் சுற்றி எடுத்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில், கையால் வளையத்தைத் திருப்பும்போது ஃபோக்கஸ் சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு சின்னப் புள்ளி நிலையாக நிற்கும். அந்தப் புள்ளிக்காக மூச்சை அடக்கிக் காத்திருப்பதில் ஒரு நன்மை. ஒவ்வொரு சிற்பத்தையும் கால் நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு மேல் ஒன்றும் சரியாக வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏற ஏறக் கல்லெல்லாம் வெளுத்தது, தரை சுட்டது. பெரியவர் போகும்போது சொன்னார்: "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாம்மா. ஒரு டார்ச் எடுத்துக்க. ஃபிளாஷ் மட்டும் போட்டுடாத, நேரா அடிச்சா எல்லாத்தையும் தட்டையாக்கிடும்."

வந்தோம். சூரியன் இறங்கி, வானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். டார்ச் கொண்டுவர மறந்துவிட்டேன், அம்மா தன் போனில் விளக்கைப் போட்டார். "நேரா இல்லம்மா, கல்லோட பக்கத்துலேர்ந்து, செவுத்த ஒட்டிப் பிடி" என்றேன். அம்மா கையைக் கல்லோடு ஒட்டி இடது பக்கமிருந்து பிடித்தார்.

காலையில் அதே இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தேன். ஏதோ மீன் என்று நினைத்திருந்தேன். இப்போது விளக்கு சரிந்து ஓடியதும் நீண்ட வாய் ஒன்று எழுந்து வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை.

"முதலைடி!" என்றார் அம்மா. "அவிநாசி முதலை. முழுங்கின புள்ளையச் சுந்தரர் பாடி மீட்டாரே, அந்தக் கதை. வருஷம் போனப்புறம் வளர்ந்த புள்ளையா வெளில வந்தான்."

விளக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினால் குழந்தை மறைந்து தாடை மட்டும் தெரிந்தது. கீழே இறக்கினால் குழந்தையின் தலை. எஃப் 4, எண்பதில் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 3200. திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதில் படத்தைப் பெரிதாக்கி ஃபோக்கஸ் பார்த்து, பதினோரு படம் எடுத்தேன். பொரி இருக்கிறது. இருக்கட்டும். அம்மா அதைப் பார்த்து ஒரு சொல்லும் கேட்கவில்லை, அடுத்த சிற்பத்துக்கு விளக்கைக் கொண்டு போனார். இருட்டி முடியும்வரை அவர் வெளிச்சம் பிடித்துக் கதை சொல்லச் சொல்ல நான் எடுத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் அணைக்கரை வழியாக பஸ்ஸில் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் இராசேந்திரன் எழுப்பிய ஊர். தஞ்சாவூர் விமானம் நேர்க்கோடாக ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் அந்த வளைவு கெட்டு, விமானம் பின்னால் சாய்கிற மாதிரி வருகிறது. புல்வெளியின் கடைசி வரை நடந்து போய், 18 எம்எம்மில், கேமராவை நேராகப் பிடித்து எடுத்துவிட்டு, படத்தின் கீழ்ப்பாதியில் வந்த புல்லைப் பிற்பாடு வெட்டிவிட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து நின்றது.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது வடக்கு வாசல் படிக்கட்டை ஒட்டியுள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியை. சிவன் தன் கையால் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் அந்தப் பிள்ளையின் பணிவுக்காகவே எத்தனை தடவையும் வரலாம். காலை ஒன்பதுக்கு அங்கே நிழல். பதினொன்றுக்கும் நிழல். படம் நீலம் பாய்ந்து வந்தது. நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு மாற்றியதும் கல்லின் நிறம் திரும்பியது, ஆனால் மாலையின் முறுக்கு எழவில்லை. வெயில் வரும் வரும் என்று கட்டுச் சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரைக்கும் காத்திருந்தேன்.

"எதுக்குடி இங்கேயே உக்காந்திருக்க?" என்றார் அம்மா.

"வெயில் வரட்டும்மா."

"தை பொறந்து பத்து நாள்தான் ஆகுது. சூரியன் இன்னும் தெக்காலதான போகுது. நம்ம வீட்டு வடக்கு சன்னல்ல வெயில் எப்ப விழும்? சித்திரை வைகாசியிலதான? அந்தப் பக்கம் வத்தல் காயப்போட எத்தனை மாசம் காத்துக் கெடப்பேன்."

சன்னலோரப் பொம்மையை ஒரு நாளின் மணிக்கணக்கில்தான் எடுத்துப் பழகியிருந்தேன். மாதக் கணக்கு என் மனதில் இருந்ததே இல்லை. வைகாசியில் இந்த ஊருக்கு உச்சிப் பொழுதிலேயே சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே.

முன்பதிவு தொடங்கியதும் உழவனில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், வைகாசி இரண்டாம் வாரத்துக்கு. அந்தக் கத்திரி வெயிலில் கல் கொதிக்குமே, எப்படி நிற்பாய் என்று அம்மாவிடம் கேட்டேன். இரண்டு ஜோடி தடித்த காலுறை வாங்கி வை என்றார்.