எம்.ஆர்.ஐ. வெப்பநிலை அளவீடு: வைவாவுக்கு நான் படித்த விதம்

மருத்துவ இயற்பியல் எம்.எஸ்ஸி. கடைசி வருட செமினாரில் எனக்கு வந்த தலைப்பு, கட்டியைச் சூடாக்கி அழிக்கும் வெப்பச் சிகிச்சையின்போது எம்.ஆர்.ஐ. வழியாக உடலுக்குள் ஏறும் சூட்டைக் கண்காணிப்பது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் ரயில். பாதிப் படிப்பு அதில்தான் நடந்தது. இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒத்திகையில் சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "சூடேத்துறதுக்கு முன்னால திசு எத்தனை டிகிரியில இருந்துதுன்னு இந்தப் படம் சொல்லுமாம்மா?" "சொல்லும் சார்" என்றேன். தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரம் படித்தும் அடிப்படையை விட்டிருந்தேன். இந்த முறை வெப்பநிலையைச் சொல்வதில்லை, மாற்றத்தை மட்டுமே சொல்கிறது. ஃபேஸ் என்பது எம்.ஆர்.ஐ. சிக்னலின் அலை தன் சுற்றில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. சூட்டுக்கு முன் ஒரு ஃபேஸ் படம், பின் ஒரு ஃபேஸ் படம், இரண்டையும் கழிக்க வேண்டும். வருகிற வித்தியாசத்தை டிகிரியாக மாற்றி நோயாளியின் உடல் வெப்பநிலையோடு, பெரும்பாலும் 37 டிகிரியோடு, கூட்டிக்கொள்கிறோம்.

அன்று மாலை சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டேன். நீங்களும் கையால் போடுங்கள். காந்தப்புலத்தின் வலிமை 3 டெஸ்லா என்றால், தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கரு, அதாவது புரோட்டான், சிக்னல் தரும் அதிர்வெண் சுமார் 127.7 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அது பத்து லட்சத்தில் 0.01 பங்கு குறையும், அதாவது 1.28 ஹெர்ட்ஸ். எக்கோ டைம், அதாவது புரோட்டான்களைத் தூண்டியதிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் வரையிலான நேரம், 10 மில்லிசெகண்ட் என்றால், ஃபேஸ் சுமார் 4.6 பாகை நகரும். இவ்வளவு சின்ன நகர்வைத்தான் பிடிக்கிறோம். நோயாளி மூச்சு விட்டுத் திசு அசைந்தாலே பழைய படம் பொருந்தாமல் போவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதிர்வெண் குறைவதற்கான காரணத்தையும் கட்டாயம் கேட்பார்கள். சூடேறினால் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. புரோட்டானைச் சுற்றிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தை மறைப்பது கூடுகிறது, அதிர்வெண் இறங்குகிறது. கொழுப்பில் இந்தப் பிணைப்பு இல்லை, அதனால் நகர்வும் கிட்டத்தட்ட இல்லை. மார்பகம் போலக் கொழுப்பு கலந்த இடத்தில் அதன் சிக்னலை அடக்காவிட்டால் கணக்கு கெடும். 1966-இல் ஹிண்ட்மன் தண்ணீரில் கண்ட இந்த நகர்வை 1995-இல் இஷிஹாரா குழு படமெடுக்கும் முறையாக்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

அப்புறம் வெப்ப டோஸ், அதாவது எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் என்ற கணக்கு. அம்மா மாடியில் போடும் கூழ்வத்தல்தான் எனக்குப் புரியவைத்தது: வெயில் கொளுத்தினால் சீக்கிரம் காயும், மந்தாரம் போட்டால் நேரமாகும். திசுவில் 43 டிகிரிக்கு 240 நிமிடம் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அழிவு எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகும். 44-க்கு 120, 45-க்கு 60. இப்படியே 56 வரை இறங்கிப் பாருங்கள், இரண்டு செகண்டுக்கும் குறைவு. கர்ப்பப்பைக் கட்டிக்குக் குவிந்த அல்ட்ராசவுண்ட் கொடுக்கும்போது சில செகண்டுக்கு ஒருமுறை படம் வேண்டும் என்பது இதனால்தான். வைவாவில் இந்த இறக்கத்தைப் போர்டிலேயே போட்டுக் காட்டினேன். சார் அடுத்த கேள்விக்குப் போகாமல் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.