எக்கோவுக்கும் எக்கோ

சித்தி பையன் பாட வந்திருந்தான். ஹெட்போனை மாட்டி இரண்டு வரி பாடியதுமே முகமெல்லாம் பல். "அண்ணே, இந்த எக்கோவை மட்டும் எடுத்துடாதீங்க, குரல் அள்ளுது."

நான் எக்கோ எதுவும் போடவே இல்லை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் ஆனில் இருந்ததால் அவன் பாடுவது உடனுக்குடன் காதுக்குப் போகிறது, அதே குரல் சாஃப்ட்வேருக்குள்ளும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பின்னாலேயே வருகிறது. மிக்ஸிங்குக்காக பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் சத்தத்தின் அளவை, 1024 சாம்பிளில் வைத்திருந்தேன். 48 கிலோஹெர்ட்ஸில் அது போக 21, வர 21, மொத்தம் 40 மில்லிசெகண்டுக்கு மேல். சாஃப்ட்வேரில் குரல் டிராக்கின் மானிட்டர் பட்டனை அணைத்தேன், பின்னால் வந்த குரல் நின்றது. "என்னண்ணே, குரல் செத்துப்போச்சு?"

சரி, கேட்கிறவனுக்கு நிஜ எக்கோவே கொடுப்போம் என்று அலமாரியில் இருந்த, எக்கோ உண்டாக்கும் டிலே பெட்டியை இறக்கினேன். குரல் டிராக்கின் மானிட்டரை மறுபடி ஆன் செய்து, அது நேராக ஹெட்போனுக்குப் போகாமல் தடுத்து, அதிலிருந்து ஒரு சென்ட் (குரலின் நகலை வேறு வழியில் அனுப்புவது), அது 3ஆவது அவுட்புட் வழியாகப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து 3ஆவது இன்புட், அங்கே புது டிராக். டைரக்ட் மானிட்டர் ஆனிலேயே இருப்பதால் குரல் தாமதிக்காது, எக்கோ கொஞ்சம் தாமதமாக வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அருமையாக வந்தது. தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

அந்த இடைவெளியில் தம்பி மவுஸைப் பிடித்துவிட்டான். எக்கோ டிராக்கிலும் ஒரு சென்ட் போட்டு அதையும் அதே 3ஆவது அவுட்புட்டுக்கு அனுப்பியிருக்கிறான், "எக்கோவுக்கும் எக்கோ வேணும்ல?" பெட்டிக்குள் போனது வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி ஏறி, நான் ஓடி வருவதற்குள் ஊளையே கிளம்பிவிட்டது. ஹெட்போன் கட்டிலில் கிடந்தது, தம்பி கதவருகே நின்றான்.

அப்புறம் ஒருவழியாகப் பாடி முடித்தான். பாட்டை வழக்கம்போல் வேக பவுன்ஸில், அதாவது ஓடவிடாமல் கம்ப்யூட்டரே சட்டென ஃபைலாக்கித் தருவதில், எடுக்க முடியாது, சத்தம் நிஜமாகவே கேபிளில் போய்த் திரும்ப வேண்டும், அதனால் நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடம் ஓடும் என்று சொன்னேன். உடனே போனை சைலன்ட்டில் போட்டான், ஃபேனை அணைத்தான், வியர்க்க வியர்க்க மூச்சை அடக்கி உட்கார்ந்துவிட்டான். மைக் ஆஃப் என்று நான் சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் கிசுகிசுத்தான். "அண்ணே, இப்ப பேசலாமா?"

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்டா."