தெரிந்த முகம்

"அவருக்குத்தான் என்னைத் தெரியுமே, அது போதாதா?" அந்தப் பெரியவர் இதைக் கேட்டது பக்கத்தில் இருந்த வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அல்ல, வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம்.

2023 மே 4, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு கிராமப்புற டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதாவது உள்ளாட்சித் தேர்தல். அதுவரை பேரும் முகவரியும் சொன்னால் ஓட்டுச்சீட்டு கிடைத்துவிடும். அன்றுதான் முதல் தடவையாக, போட்டோ உள்ள அடையாள அட்டை இல்லாமல் தரக்கூடாது என்று சட்டம். தலைமை அலுவலர் அதே ஊர்க்காரர், தெரியும் என்று வாய்விட்டே சொன்னார், ஆனால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னார். பெரியவர் பர்ஸைத் திறந்து வங்கி அட்டையை நீட்டினார். பேர் இருக்கிறது, படம் இல்லை. முதியோர் பஸ் பாஸ் போதும், காலாவதியான பாஸ்போர்ட்கூட முகம் ஒத்துப்போனால் செல்லும், ராத்திரி பத்து மணிவரை திறந்திருப்போம் என்றேன். பக்கத்துப் பண்ணைக்காரர் காரில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார், மறுபடி எப்படிக் கேட்பது என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் எண்ணை எழுதினேன். அவர் திரும்பி வரவில்லை.

வாசலில் ஒரு கட்சிக்காரர் ரொசெட், அதாவது கட்சி நிறத்தில் ரிப்பன் பூ, குத்திக்கொண்டு, ஓட்டுப் போட்டு வருபவர்களின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் காரில் கூட்டிப்போய் அட்டையை எடுத்துவர உதவியிருப்பார், கட்சிக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சாவடி ஊழியரே ஒரு வாக்காளரை ஒரு கட்சியின் காரில் ஏற்றிவிடுவது எப்படிச் சரியாகும்? ஆகாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் நான் போகாமல் இருந்ததால் நடுநிலை காப்பாற்றப்பட்டது, ஒரு ஓட்டு போயிற்று, இரண்டும் உண்மை.

தமிழ்நாட்டில் பூத்துக்குப் போனால் அட்டை காட்டுவது பழகிப்போனது, அதனால் பயிற்சி வகுப்பில் இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அங்கே அட்டையைத் தேர்தல் ஆணையமே கொடுக்கிறது. இங்கே தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது, எதுவுமே இல்லாதவர்கள் இலவசச் சான்றிதழுக்கு ஏப்ரல் 25க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். இன்னொன்று, காமன்வெல்த் குடிமகன் என்பதால் எனக்கும் அங்கே ஓட்டு உண்டு, அதை முன்கூட்டியே தபாலில் போட்டிருந்தேன். தபால் ஓட்டுக்குக் கையெழுத்தும் பிறந்த தேதியும் போதும், போட்டோ அட்டை கேட்பதில்லை. அந்த ஊரிலேயே வயதான ஒருவரை, கொஞ்ச காலத்துக்கு முன் குடிவந்த நான், நானே காட்ட வேண்டியிராத ஒன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும், அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

சரி, தெரிந்த முகம் என்றால் அட்டை வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அட்டை கேட்கப்படப் போவது யாரிடம்? அந்த ஹாலில் யாருக்கும் தெரியாத என்னைப் போன்றவர்களிடம்தான். எல்லோரிடமும் அட்டை கேட்கிற விதி என்னைக் காப்பாற்றுகிற விதி என்று எனக்குத் தெரியும், அதற்காக வாதாடவும் செய்வேன். ஆனால் என்னிடம் பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் எப்போதும் தயாராக இருக்கின்றன, வெளியூரிலிருந்து வந்தவன் காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஒரே இடத்தில் ஆயுளைக் கழித்தவருக்கு அந்தத் தேவையே வந்திருக்காது.

அந்த வார்டில் ஜெயித்தவருக்கு வித்தியாசம் அதிகம், ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நல்ல சமாதானம் இல்லை. 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்சிலில் ஒரு வார்டில் இருவருக்கும் சம ஓட்டு விழ, குச்சி எடுத்துத் தீர்மானித்தார்கள், அந்தக் குச்சியால் ஒரு கட்சிக்குத் தனிப்பெரும்பான்மையே ஒரு இடத்தில் நழுவியது. 2023இல் சாவடிக்கு வந்தும் அட்டை இல்லாமல் ஓட்டுப் போடாமல் போனவர்கள் சுமார் 14,000 பேர் என்றது பிரிட்டன் தேர்தல் ஆணையம், வந்தவர்களில் 0.25 சதவீதம். அதில் ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது.

2025 ஜூலையில் அரசாங்கம், இனி வங்கி அட்டையையும் ஏற்கப்போவதாக அறிவித்தது. அவர் நீட்டியதும் அதுதான். படமில்லாத அட்டையால் ஆளை எப்படிச் சரிபார்ப்பது என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனாலும் செய்தியைப் படித்ததும் முதலில் வந்தது நிம்மதி.