காலை பத்து மணி ஆட்டம்

ஜூலை 29, 2024

எங்கள் அமெரிக்க பேஸ்பால் அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் ஏன் ஹூஸ்டனில் ஆடவில்லை என்று தெரிந்துவிட்டது. மகன் மேக்ஸுக்கு கில்லன் பாரே. மூன்று வயதுப் பிள்ளை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிற நோய். மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவரிடம் சொல்கிற செய்தியா இது.

ஆகஸ்ட் 1

மேக்ஸுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது சொன்னேன். அப்பா வலது கையால் என் விரலைப் பிடித்து அழுத்தினார்.

ஆகஸ்ட் 6

ஃப்ரீமன் திரும்பிவிட்டார். டாட்ஜர் ஸ்டேடியத்தில் திங்கள் இரவு, இங்கே பினாங்கில் செவ்வாய் காலை பத்து மணி. பன்னிரண்டரைக்கு முன்னால் வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் கேண்டீனில் கோப்பி ஓ வாங்கி வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். பயிற்சியில் எல்லா ஆட்டக்காரர்களும் மேக்ஸ் பெயர் போட்ட நீலச் சட்டை. ஃப்ரீமன் முதல்முறை மட்டையோடு நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அழுதுவிட்டார். நானும்தான்.

முழுக்கை உள்சட்டை போட்டுத்தான் ஆடுவார், எந்த வெயிலிலும். பத்து வயதில் அம்மாவைத் தோல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், அந்த நினைவுக்காக. இதை எனக்குச் சொன்னது அப்பா. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பசியாறிவிட்டு, தூங்காமல் ஆட்டம் பார்ப்பார். அப்போது சொன்னது.

ஆகஸ்ட் 13

எங்கள் மூக்கி பெட்ஸ் கை எலும்பு கூடி வந்த முதல் நாளே ஹோம் ரன், பந்து வேலியைத் தாண்டியது. ரைட் ஃபீல்டுதான், வெளிக்களத்தின் வலப்பக்கம்தான், அவருக்கான இடம். உள்ளே, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே, ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தியதே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

அப்பா வீட்டில். ஹாலில் கட்டிலைப் போட்டாயிற்று.

எங்கள் ஓத்தானி நாலாவது இன்னிங்ஸில் இந்த வருஷத்தின் 40ஆவது பேஸைத் திருடினார், யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. ஒன்பதாவதில், ஆட்டம் சமநிலை, பேஸ் மூன்றும் நிறைந்திருக்க, ஒரே அடியில் நாலு ரன், கிராண்ட் ஸ்லாம். அதுதான் 40ஆவது ஹோம் ரன். அப்பா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

செப்டம்பர் 16

பந்து வீச்சாளர் கிளாஸ்னோவும் போய்விட்டார். முழங்கை. இந்த வருஷத்துக்கு இனி இல்லை.

இரவு தூக்கமில்லாமல் காயம்பட்ட வீச்சாளர்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். கெர்ஷாவுக்குக் கால் பெருவிரல். ஸ்டோனுக்குத் தோள். கோன்சோலினும் மேயும் இந்த வருஷம் டாட்ஜர்ஸுக்கு ஒரு பந்துகூட வீசவில்லை. ஓத்தானி போன செப்டம்பரில் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், மட்டை மட்டும்தான். யாமமோட்டோ இப்போதுதான் தோள் சரியாகி வந்திருக்கிறார், நீண்ட நேரம் வீச விடமாட்டார்கள். டெட்ராய்ட்டிலிருந்து ஜூலைக் கடைசியில் வாங்கிய ஃபிளாஹர்ட்டி இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம்? மிச்சம் ப்யூலர். இரண்டாவது முறை முழங்கைத் தசைநார் மாற்றிக்கொண்டு வந்தவர். பந்தில் வேகம் இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எல்லாரும் அவரைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். 2020, 2021இல் அவர் வீசியதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசக் கூடாது. அறுவை முடிந்ததும் ஆள் பழையபடி ஆகிவிடுவானா? நரம்பும் தசையும் தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும். அப்பாவின் பிசியோ அதைத்தான் தினமும் சொல்கிறார். குதிகால் முதலில், குதிகால் முதலில்.

செப்டம்பர் 20

விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன், மயாமியில் ஆட்டம். ஓத்தானி: ஆறு முறை வந்து ஆறு ஹிட், மூன்று ஹோம் ரன், இரண்டு திருட்டு, 10 ரன் கொண்டுவந்தார். ஹோம் ரன், திருட்டு இரண்டும் 50-50 தாண்டி 51-51. மேஜர் லீக் வரலாற்றில் ஒரே வருஷத்தில் யாரும் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டதில்லை. 20-4. பருவ முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றுக்கு இடமும் உறுதி. அப்பாவை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 27

டிவிஷனில், எங்கள் பிரிவில், முதலிடம் நமக்கு. ஆனால் ஃப்ரீமன் முதல் பேஸுக்கு ஓடும்போது, சான் டியேகோவின் அரயஸ் தன்னைத் தொட்டு அவுட் ஆக்காமல் விலகப் போய், வலது கணுக்கால் மடங்கிவிட்டது. கொண்டாட்டத்தை அணைத்துவிட்டு அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அக்டோபர் 7

பிளேஆஃபில் சான் டியேகோவிடம் 2-10 தோல்வி. ஃப்ரீமனைப் பாதியில் வெளியே எடுத்தார்கள்.

அக்டோபர் 9

தொடரில் சான் டியேகோ 2 வெற்றி, நாம் 1. இன்று அப்பாவும் வாக்கரைத் தொட மறுத்துவிட்டார். சாப்பாடும் வேண்டாமாம். அத்தை போனில், "தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கோம்மா" என்றார். வேண்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும்.

அக்டோபர் 12

2-0! சான் டியேகோ வெளியே. யாமமோட்டோ ஐந்து இன்னிங்ஸ், ஒரு ரன் கொடுக்கவில்லை. கீக்கே ஒரு ஹோம் ரன், டியோஸ்கர் ஒன்று, இரண்டும் அவர்கள் வீச்சாளர் டார்விஷ் பந்தில். அப்பா இட்லி கேட்டார்.

அக்டோபர் 21

அடுத்த சுற்றில் நியூயார்க் மெட்ஸை முடித்தாயிற்று. டாமி எட்மன் 11 ரன் கொண்டுவந்து தொடர் நாயகன். ஃப்ரீமன் இன்றும் உட்கார்ந்தே இருந்தார். ஆட்டத்துக்கு முன் மணிக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் இப்படி. இந்த பிளேஆஃப் முழுக்க ஒற்றை பேஸ் அடிகள் மட்டும்தான். அவர் காலை ஊன்றும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

அக்டோபர் 23

டாட்ஜர்ஸின் பழைய வீச்சாளர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா இறந்துவிட்டார், வயது 63. 1981இல் சிறந்த புதுமுகம், சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதுகள் இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர் அவர் மட்டுமே. இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வந்த அமெரிக்க இஞ்சினியர் ஒருவர் இவரைப் பற்றிப் பேசித்தான் அப்பாவுக்கு இந்த ஆட்டமே அறிமுகம். சொன்னதும் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

அக்டோபர் 26

கை நடுங்குகிறது, எழுதியே ஆக வேண்டும்.

இறுதிச் சுற்றான உலகத் தொடர், நியூயார்க் யாங்கீஸோடு முதல் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் ஃப்ரீமன் அந்தக் காலோடு மூன்றாவது பேஸ் வரை ஓடினார். அப்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை. செப்டம்பர் 18க்குப் பிறகு ஒரு பந்தும் வீசாத கோர்ட்டெஸைக் கொண்டுவந்தார்கள். ஓத்தானி அவுட். மூக்கியை அடிக்க விடாமல் வேண்டுமென்றே பேஸுக்கு நடக்கவிட்டார்கள், ஃப்ரீமன் பரவாயில்லை என்று! முதல் பந்து. அடித்ததும் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகத் தொடரில் ஆட்டத்தை முடித்த கிராண்ட் ஸ்லாம் இதற்கு முன் கிடையாது. 6-3.

சுற்றி வந்து வலைக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவரிடம் ஓடினார். யாரென்று நான் யோசிப்பதற்குள் அப்பா, "அவங்கப்பா" என்றார். முழுச் சொல், தெளிவாக.

அக்டோபர் 27

ஓத்தானியின் தோள். கடவுளே.

அக்டோபர் 30

4-11 தோல்வி. தொடரில் நாம் 3, அவர்கள் 1. ஃப்ரீமன் நாலாவது ஆட்டத்திலும் ஹோம் ரன்.

அக்டோபர் 31, தீபாவளி

அப்பாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி உட்காரவைத்தபோது எட்டு மணி. கொஞ்ச நேரத்தில் 0-5. யாங்கீஸ் வீச்சாளர் கோல் நாலு இன்னிங்ஸ் ஒரு ஹிட் கொடுக்கவில்லை. விருந்தாளிகள் முறுக்கோடு வந்துகொண்டே இருந்தார்கள்.

ஐந்தாவதில் யாங்கீஸ் ஆட்டக்காரர் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தை விட்டார். வோல்பி தவறாக எறிந்தார். பேஸ் நிறைந்தது. மூக்கி உருட்டியதை ரிஸோ பிடித்தார், கோல் முதல் பேஸுக்கு ஓடாமல் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு அவுட் மட்டும்தான் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு ரன் வந்தது. பிறகு ஃப்ரீமன் இரண்டு, டியோஸ்கர் இரண்டு. 5-5.

7-6, ஒன்பதாவது. யார் வருவது? ப்யூலர். இரண்டு நாள் முன்னால்தான் மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர். மூன்று பேர், மூன்று அவுட், கடைசி இரண்டும் ஸ்ட்ரைக்அவுட். உலகத் தொடர் நமக்கு. ஒரு வெற்றி, ஆறு தோல்வி என்று வருஷத்தை முடித்த ஆள்! வீட்டில் யாருக்கும் புரியாமல் நானும் அப்பாவும் மட்டும் கத்தினோம்.

நவம்பர் 3

ஃப்ரீமனுக்கு விலாக் குருத்தெலும்பும் உடைந்திருந்ததாம். அதோடுதான் அத்தனையும்.

டிசம்பர் 6

ஃப்ரீமனுக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை. வீச்சாளர் ஸ்னெல் ஒப்பந்தமாகிவிட்டார், நல்லது. டியோஸ்கருக்கும் ப்யூலருக்கும் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. இருவரையும் விடக் கூடாது, டியோஸ்கரைக் கட்டாயம். அப்பா வாக்கரைப் பிடித்தபடி கேட்டார், "மார்ச்சுல ஓடுவானா?" முதல் ஆட்டம் 18ஆம் தேதி டோக்கியோவில், சிகாகோ கப்ஸ் அணியோடு. இங்கே அது சாயங்காலம் ஆறு மணி.