சின்ன விமானத்துக்குக் கட்டணம்: யார் கட்டுவது என்பதைவிட எங்கே வசூலிப்பது என்பதே சண்டை

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் இறங்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானத்துக்கு லேண்டிங் கட்டணம் கிடையாது. அதே ஓடுபாதையில் நாலு பேர் உட்காரும் தனியார் செஸ்னா இறங்கினால் கட்டணம் உண்டு. இரண்டில் எது ஏழை என்று கேட்டு யாரும் இந்த விதியை எழுதவில்லை. 2004-லிருந்து நடைமுறையில் உள்ள விலக்கு, 80 இருக்கைக்குக் குறைவான விமானத்தை ஓட்டும் உள்நாட்டு ஷெட்யூல்டு (அட்டவணைப்படி பறக்கும்) நிறுவனங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் தரப்பட்டது. விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி விமானங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. 2024 டிசம்பரில் இங்கே சேவையைத் தொடங்கிய இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள், அதனால் விலக்குக்குள் வந்துவிடுகிறது. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர் பட்டியலிலேயே இல்லை. விமான எரிபொருளுக்கான சலுகை வரியும் இதே கதைதான்: 40 டன்னுக்குக் குறைந்த விமானம் என்று தொடங்கும் விதி, ஷெட்யூல்டு நிறுவனம் என்று முடிகிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்தியாவில் சின்ன விமானக்காரர்கள் சார்பில் அழ ஆள் குறைவு.

அமெரிக்காவில் அழுவதற்கென்றே ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. 1939-ல் தொடங்கிய ஏஓபிஏ, அதாவது விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம். பிசினஸ் ஜெட் வைத்திருப்பவர்களுக்கு என்பிஏஏ, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு இஏஏ என்று பக்கத்தில் இன்னும் சில. மூன்றுக்கும் வேறு விஷயங்களில் கருத்து வேறுபாடு வரலாம். 'யூசர் ஃபீ', அதாவது பறப்புக்கு இவ்வளவு என்று பயன்படுத்துபவரிடம் வாங்கும் கட்டணம், என்றதும் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். இதில் ஏர்லைன் பைலட்டுகள் எந்தப் பக்கம் என்பது நினைப்பதைவிடச் சிக்கலான கேள்வி.

முதலில் கணக்கு. அமெரிக்க வான்போக்குவரத்து அமைப்பின் செலவில் பெரும்பகுதி 1970-ல் உருவான அறக்கட்டளை நிதியிலிருந்து வருகிறது. உள்நாட்டு டிக்கெட் விலையில் 7.5 சதவீத வரி, ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பயணிக்குச் சுமார் 5 டாலர். தனியார் விமானம் டிக்கெட் விற்பதில்லை, எரிபொருளில் மட்டும் வரி கட்டுகிறது. காலனுக்கு ஏவ்கேஸ் (பிஸ்டன் எஞ்சின் உள்ள சின்ன விமானத்தின் பெட்ரோல்) 19.4 சென்ட், தனியார் ஜெட் எரிபொருள் 21.9 சென்ட், ஏர்லைன் எரிபொருள் 4.4 சென்ட்.

இதைப் பறப்பாக மாற்றிப் பாருங்கள். 160 பயணிகள், ஆளுக்கு 150 டாலர் டிக்கெட், இரண்டு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் வரி 1,800, தலைக்கட்டு 800, ஆக 2,600 டாலர். எரிபொருள் வரி தனி, அது சில்லறை. அதே பாதையில், அதே உயரத்தில், அதே கன்ட்ரோலரிடம் பேசிக்கொண்டு போகும் ஒரு நடுத்தர பிசினஸ் ஜெட் மணிக்கு 200 காலன் குடித்தால் இரண்டு மணிக்கு வரி சுமார் 88 டாலர். 'ரேடார் திரையில் இரண்டும் ஒரே புள்ளிதானே' என்பது ஏர்லைன் கம்பெனிகளின் பழைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கேப்டன் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் வரிசையில் நிற்கும் தனியார் ஜெட்டால் புறப்பாடு தாமதமாகும்போது இன்னும் நியாயமாகத் தோன்றும்.

ஆனால் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டை. அந்த 2,600 டாலரைக் கட்டுவது பயணி, கம்பெனி வசூலித்துக் கொடுக்கிறது. இரண்டாவது, அமைப்பின் செலவைத் தீர்மானிப்பது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல, உச்ச நேர நெரிசல். காலை எட்டு மணிக்கு ஒரே ஹப்புக்குள் (பயணிகள் விமானம் மாறும் மைய நிலையத்துக்குள்) நூறு விமானத்தைத் திணிக்கும் அட்டவணை ஏர்லைன் போட்டது. ஊர்ப்புற ஓடுபாதையில் பறக்கும் செஸ்னாவை நாளைக்கே எடுத்துவிட்டால், பெரிய நிலையத்தின் அப்ரோச் கன்ட்ரோலில் ஒரு நாற்காலிகூடக் குறையாது. ஏஓபிஏ சொல்வது இது. பிஸ்டன் விமானத்தைப் பொறுத்தவரை உண்மையும்கூட. அதே வாதத்தை என்பிஏஏ எடுத்துப் பிசினஸ் ஜெட்டுக்குப் போர்த்தும்போதுதான் எனக்கு நெருடுகிறது. பெருநகர வான்வெளிக்குள் வரும் ஜெட் ஓரத்துப் பயனாளி அல்ல.

2007-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். புஷ் அரசின் முன்மொழிவு ஏவ்கேஸ் வரியைக் காலனுக்கு 70 சென்ட் அளவுக்கு உயர்த்தப் பார்த்தது. மணிக்கு எட்டரை காலன் குடிக்கும் செஸ்னா 172-க்கு வரி 1.65 டாலரிலிருந்து ஏறக்குறைய 6 டாலர் ஆகும். செனட்டில் வந்த மசோதா வேறு வழியில் போய், டர்பைன் விமானங்களுக்கு (ஜெட், டர்போபிராப்) பறப்புக்கு 25 டாலர் என்றது. 2011-ல் ஒபாமா அரசு 100 டாலர் என்று கேட்டது, பிஸ்டனுக்கு விலக்கோடு. எதுவும் சட்டமாகவில்லை. பிஸ்டனை விட்டுவிட்ட திட்டங்களைக்கூட ஏஓபிஏ எதிர்த்தது. 'இன்று ஜெட், நாளை நாம்' என்பது அவர்கள் பயம். கட்டணம் வசூலிக்கும் இயந்திரம் ஒருமுறை கட்டப்பட்டுவிட்டால் விலக்கை எடுப்பது ஒரு வரித் திருத்தம்தான் என்பதால், பயம் முழுக்கப் பொய்யில்லை.

ஏர்லைன் பைலட்டுகளின் பெரிய சங்கமான அல்பா 1931-லிருந்து இருக்கிறது. அது கம்பெனியின் எதிரொலியாக நடந்துகொள்வதில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தனி வாரியத்திடம் கொடுக்கும் மசோதா 2016-ல் வந்தபோது, பெரும்பாலான ஏர்லைன்கள் ஆதரித்தன, கன்ட்ரோலர் சங்கம் ஆதரித்தது, அல்பா எதிர்த்தது. காரணம் ஏஓபிஏ-வின் காரணத்துக்கு நேர் எதிர்: எல்லாப் பயனாளிகளும் நியாயமான பங்கு கட்டவில்லை, ஏர்லைன் தலையில் சுமை விழுகிறது என்பது. இரண்டு சங்கமும் வேறு வேறு கதவு வழியாக வந்து ஒரே திட்டத்துக்கு 'வேண்டாம்' சொன்னார்கள். 2018 தொடக்கத்தில் திட்டமே கைவிடப்பட்டது. மருத்துவச் சான்று விஷயத்திலும் மோதல் உண்டு. தனியார் விமானிகளுக்கான தளர்வை ஏஓபிஏ கொண்டாடியது, அல்பா எதிர்த்தது. 2017-ல் பேசிக்மெட் என்ற பெயரில் தளர்வு வந்தேவிட்டது.

தனி விமானியின் நிலை இன்னும் வேறு. அல்பாவுக்கும் ஏஓபிஏ-வுக்கும் சேர்த்துச் சந்தா கட்டும் கேப்டன்கள் அங்கே நிறைய. 2013 முதல் அமெரிக்க ஏர்லைனில் முதல் அதிகாரியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அந்த மணி நேரம் சின்ன விமானத்தில், பெரும்பாலும் பயிற்றுநராக, சம்பாதித்தது. நம்மூரில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ கிளம்பும் பையனுக்கு ஒவ்வொரு மணியும் வீட்டுக் கடன். அதில் ஏறும் ஒவ்வொரு கட்டணமும் நேராகக் கடனில் ஏறும். பயிற்சிப் பள்ளிக்கு லேண்டிங் விலக்கு இருப்பதும், 2020-ல் விமான நிலைய ஆணையம் பள்ளிகளிடம் வாங்கிய ராயல்டியை எடுத்ததும் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தன.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். ஈசிஆர் சுங்கச்சாவடியில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி வாங்குவதற்கும் பெட்ரோலில் வரி போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கும். எரிபொருள் வரியைச் சில பெரிய விநியோகஸ்தர்களிடம் வாங்கிவிடலாம். பறப்புக்கு ஒரு பில் என்றால் ஒவ்வொரு பறப்பையும் பதிவு செய்து, வாடகை விமானம் என்றால் யாருக்கு பில் என்று தேடி, தகராறைத் தீர்த்து, வராத பணத்தைத் துரத்த வேண்டும். சின்ன விமானத்தில் வசூல் செலவே வசூலைத் தின்னும். ஐரோப்பாவில் இதைப் புரிந்துகொண்டுதான், பல நாடுகளுக்கும் சேர்த்து வான்பாதைக் கட்டணம் வசூலிக்கும் யூரோகன்ட்ரோல் 2 டன்னுக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுகிறது.

அவர்களின் சூத்திரம் தெரிந்துகொள்ளத் தக்கது. தூரத்தை (கிலோமீட்டரில்) நூறால் வகுத்து, எடையை (டன்னில்) ஐம்பதால் வகுத்து அதன் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டையும் பெருக்கி, அதை அந்தந்த நாட்டின் அலகு விலையால் பெருக்க வேண்டும். 23 டன் ஏடிஆருக்கு எடைக் காரணி 0.68, 78 டன் ஏ320-க்கு 1.25, 280 டன் ஏ350-க்கு 2.37. 8 டன் பிசினஸ் ஜெட்டுக்கு 0.4. ஏ350 அதைவிட 35 மடங்கு கனம், கட்டுவது ஆறு மடங்கு மட்டுமே. ஏர்லைன் கம்பெனிகளின் 'ஒரே புள்ளி'க்கும் ஏஓபிஏ-வின் 'நாங்கள் ஓரத்தில்'க்கும் நடுவில் நிற்கும் விடை என்று எனக்குப் படுகிறது.

பறப்புக்குப் பில் போடுவதில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் பாதுகாப்பு. ரேடார் உதவி கேட்டால் காசு என்றால் கேட்காமல் போவார்கள். டச் அண்ட் கோ (ஓடுபாதையைத் தொட்டதும் உடனே மேலேறும் பயிற்சி) ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்றால் மாணவர் பத்துக்குப் பதில் ஆறு போடுவார். மழை முன்னால் கட்டியிருக்கும்போது பக்கத்து நிலையத்தில் இறங்குவதா, தள்ளிப் போவதா என்று யோசிக்கும் மூளையில் பில் நுழையக் கூடாது. பிரிட்டனில் இதற்காகவே ஸ்ட்ராஸர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அவசரத்திலும் மோசமான வானிலையிலும் திசை திருப்பி வரும் சின்ன விமானத்துக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய நிலையங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள ஏஓபிஏ முன்னெடுத்தது. ஏர்லைன் பைலட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டியது இந்த மாதிரி வேலையைத்தான். பாதுகாப்புக்காக 2020 முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் கட்டாயமான, விமானம் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சிக்னலைச் சில நிலையங்கள் லேண்டிங் பில் போடப் பயன்படுத்துவதை ஏஓபிஏ எதிர்ப்பதும் அதே வகை. பில்லுக்குப் பயந்து யாராவது அந்தக் கருவியை அணைத்துவிட்டால், எதிரே வரும் ஏர்லைன் விமானத்தின் திரையில் ஒரு விமானம் குறையலாம்.

திரும்ப லாஸ்பேட்டைக்கு. சிறு ஊர்களை இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டப் பறப்புகளுக்கு லேண்டிங், பார்க்கிங் விலக்கு உண்டு, டெர்மினல் (நிலையத்தை ஒட்டிய) வழிநடத்தல் கட்டணமும் கிடையாது, பாதை வழிநடத்தல் கட்டணம் வழக்கத்தில் 42.5 சதவீதம்தான். அதற்கான நிதியின் ஒரு பகுதி பெரிய பாதைகளின் பறப்புகள் மீதான லெவியிலிருந்து வருகிறது. ஆக, சின்ன விமானத்துக்கு நாங்கள் ஏன் மானியம் தர வேண்டும் என்று டெல்லி-மும்பை ஜெட் கேப்டன் கேட்டால், அதே கேள்வி ஏடிஆர் கேப்டனையும் தொடும்.

கருத்துச் சொல்ல வழியும் இருக்கிறது. பெரிய நிலையங்களின் கட்டணத்தை, அதற்கென்றே உள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஏரா ஆணையம் நிர்ணயிக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும், யாரும் எழுத்தில் பதில் தரலாம். சென்னை அதில் வரும். புதுச்சேரி பெரிய நிலையம் அல்ல, அதனால் விமான நிலைய ஆணையத்துக்கும் அமைச்சகத்துக்கும்தான் எழுத வேண்டும். எழுதினால் 'சின்ன விமானத்தைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதாதீர்கள். விலக்குப் பட்டியலில் '2 டன்னுக்குக் குறைந்த ஷெட்யூல்டு அல்லாத விமானம்' என்ற வரியையும், 'வானிலை, அவசரம் காரணமாகத் திசை திரும்பிய பறப்பு' என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். கீழே ஒரு ஏர்லைன் கேப்டனின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.